கடல் தண்ணியும் தலைமுடியும்: ஒரு குட்டி வரலாறு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேளம்பாக்கம் ரோட்டில் வண்டலூர், தாம்பரம் பக்கமாகத் திரும்பி வரும் பைக்குகளைக் கவனித்தால், யார் கோவளத்தில் குளித்துவிட்டு வருகிறார்கள் என்று கேட்கவே வேண்டாம். தலையைப் பார்த்தாலே போதும். வைக்கோல் போர் மாதிரி விறைத்து நிற்கும் முடி, அதில் அங்கங்கே மணல். மறுநாள் காலையில் சீப்பு உள்ளே நுழையாது. வீட்டில் பாட்டி இருந்தால் "எண்ணெய் வைக்காம கடல்ல இறங்காதேன்னு எத்தனை தடவை சொல்றது" என்று ஒரு பாட்டு நிச்சயம்.

பாட்டி சொன்னது சரியா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கெங்கோ போய் நிற்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்து ராஜாவுக்கு மசாஜ் செய்த பீகார்க்காரர், சேலத்தில் ஆரம்பித்து சுப்ரீம் கோர்ட்டு வரை போன ஒரு வரி வழக்கு, ஒலிம்பிக்கில் தடைபட்ட ஒரு தொப்பி, கடைசியில் 2004 சுனாமி. தலைமுடிக்குள் இவ்வளவு இருக்கிறது!

முதலில் கோவளத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். இன்றைக்கு சர்ஃபிங், ரிசார்ட், மீன் வறுவல் என்று பெயர் வாங்கியிருக்கும் இந்த ஊர் 18-ஆம் நூற்றாண்டில் ஒரு துறைமுகம். ஆஸ்டெண்ட் கம்பெனி என்று ஒன்று இருந்தது. இன்றைய பெல்ஜியப் பகுதியிலிருந்து, ஆஸ்திரியப் பேரரசரின் அனுமதியோடு வியாபாரம் செய்ய வந்த கம்பெனி. அது இந்தியாவில் வைத்திருந்த முக்கியமான இரண்டு இடங்களில் ஒன்று கோவளம், இன்னொன்று வங்காளத்தில் இருந்த பாங்கிபஜார். பிறகு ஆற்காடு நவாப் இங்கே கோட்டை கட்டினார், பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள், 1752-ல் ராபர்ட் கிளைவ் அவர்களிடமிருந்து பிடுங்கினார். கோட்டை இடிக்கப்பட்டது.

அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தலையில் என்ன வைத்திருந்தார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? விக். அல்லது சொந்த முடியிலேயே கொழுப்பைத் தடவி, அதன் மேல் ஸ்டார்ச் மாவைத் தூவிக்கொள்வது. சோழமண்டலக் கரையில் அப்போது கப்பல் நேராகக் கரைக்கு வந்து நிற்க வசதி கிடையாது. தூரத்தில் நங்கூரம் போட்டு, மசூலா படகில் ஆளையும் சரக்கையும் அலைக்குள்ளே தள்ளிக் கொண்டுவர வேண்டும். ஆணி இல்லாமல், தென்னை நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகு அது. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. ஓட்டினவர்கள் நம்மூர் மீனவர்கள். உள்ளே உட்கார்ந்திருந்த துரை கரை சேர்வதற்குள் தெப்பலாக நனைந்திருப்பார். கொழுப்பு, மாவு, உப்புத் தண்ணீர்... சுவரொட்டி ஒட்டுகிற பசைக்கும் அந்தத் தலைக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது :)

படகு ஓட்டினவர்களின் தலையில் இருந்தது தேங்காய் எண்ணெய். அதே தென்னை மரம்தான், நார் படகுக்கு, எண்ணெய் தலைக்கு.

சரி, கடல் தண்ணீர் முடியை அப்படி என்னதான் செய்கிறது? முடி என்பது கெரட்டின் என்ற புரதத்தால் ஆன நார். அதன் வெளிப்பக்கத்தில் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக செதில்கள் அடுக்கியிருக்கும். செதில்கள் ஒட்டிப் படுத்திருந்தால் முடி வழுவழுப்பாகப் பளபளக்கும். தண்ணீரில் ஊறினால் முடி வீங்கும், தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை தண்ணீரைக் குடிக்கும். வீங்கும்போது செதில்கள் தூக்கிக்கொள்ளும். காய்ந்தால் சுருங்கும். இப்படித் திரும்பத் திரும்ப வீங்கிச் சுருங்கினால் செதில்கள் உடைந்து, உள்ளே இருக்கும் புரதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். இது எந்தத் தண்ணீருக்கும் பொருந்தும். கடலில் கூடுதலாக இரண்டு விஷயங்கள் சேர்கின்றன. ஒன்று, தண்ணீர் காய்ந்தபின் முடியில் படியும் உப்புத்துகள். முடியோடு முடி உரசும்போது அது உப்புத்தாள் வேலையைச் செய்கிறது. இன்னொன்று வெயில். புற ஊதாக் கதிர் முடியின் கறுப்பு நிறமியான மெலனினைச் சிதைத்துவிடும். அதனால்தான் கடற்கரைப் பிள்ளைகளின் முடி செம்பட்டையாக மாறுகிறது.

"கடலில் குளித்தால் முடி கொட்டும்" என்பது முழுக்க உண்மை இல்லை. வேரோடு உதிர்வதற்கும் நடுவில் உடைவதற்கும் வித்தியாசம் உண்டு. கடல் செய்வது இரண்டாவது. சீப்பில் வருவதைப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், அது வேறு விஷயம்.

செம்பட்டை என்ற வார்த்தையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழில் அது பாராட்டு கிடையாது. செம்பட்டை முடி, பரட்டைத் தலை என்றால் எண்ணெய் கண்டு நாளான, கவனிக்க ஆளில்லாத தலை என்று அர்த்தம். குப்பத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்யப் பயன்பட்ட வார்த்தை. ஆனால் 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி, கடலில் குளித்துவிட்டு வந்தமாதிரி தலை தெரிவதற்கென்றே உப்பு கலந்த ஸ்ப்ரே ஒன்றை பாட்டிலில் அடைத்து விற்றது. நன்றாக விற்றது, மற்ற கம்பெனிகளும் காப்பியடித்தன. பள்ளிக்கரணையிலும் சேலையூரிலும் இன்றைக்கு பார்லரில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் கொடுத்து செம்பட்டை ஆக்கிக்கொள்கிறார்கள். கோவளத்துப் பிள்ளைக்கு அது இலவசமாகக் கிடைத்தது, கூடவே திட்டும் கிடைத்தது. ஒரே பொருள்தான், யார் தலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மதிப்பு மாறுகிறது. எக்கனாமிக்ஸ் புத்தகத்தில் இதற்கு ஒரு சாப்டர் ஒதுக்கலாம்.

இப்போது பாட்டியின் எண்ணெய்க்கு வருவோம்.

எண்ணெயை முடி உறிஞ்சுமா, அல்லது மேலாக ஒட்டிக்கொண்டு பளபளப்பு மட்டும் காட்டுமா? இதை முறையாகச் சோதித்தவர்கள் ஆர்த்தி ரெலே, ஆர்.பி. மொஹிலே என்ற இரண்டு இந்திய ஆராய்ச்சியாளர்கள். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் (பெட்ரோலியத்திலிருந்து வருவது) மூன்றையும் முடியில் தடவி, கழுவி, சீவி, எவ்வளவு புரதம் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். 2003-ல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் முடிவு இதுதான்: தேங்காய் எண்ணெய் மட்டுமே புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது. கழுவுவதற்கு முன் தடவினாலும் சரி, பின் தடவினாலும் சரி. காரணம், தேங்காய் எண்ணெயில் அதிகமாக இருக்கும் லாரிக் அமிலம். மூலக்கூறு சின்னது, நேர்க்கோடு மாதிரி நீளமானது. அதனால் முடியின் உள்ளே நுழைந்து தங்கிவிடுகிறது. உள்ளே எண்ணெய் இருந்தால் தண்ணீர் குடிப்பதும் வீங்குவதும் குறையும். 2001-லேயே வேறொரு ஆய்வில், முடியைக் குறுக்காக வெட்டிப் பார்த்து, தேங்காய் எண்ணெய் உள்ளே போயிருப்பதையும் மினரல் ஆயில் வெளியிலேயே நின்றுவிட்டதையும் உறுதி செய்திருந்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ரெலேயும் மொஹிலேயும் வேலை பார்த்தது மாரிகோ கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில். பாராஷூட் தேங்காய் எண்ணெய் விற்கிற அதே மாரிகோ. தேங்காய் எண்ணெய் விற்பவர் தேங்காய் எண்ணெய்தான் உசத்தி என்று சொன்னால் புருவம் உயரத்தான் செய்யும். ஆனால் வேதியியல் காரணம் தெளிவாக இருக்கிறது, முடியை வெட்டிப் பார்த்த சோதனையும் அதையே சொல்கிறது. ஆகவே பாட்டிக்கு இந்த ரவுண்டில் வெற்றி.

இந்தத் தேங்காய் எண்ணெய் சாப்பிடுகிற பொருளா, தலைக்குத் தடவுகிற பொருளா என்று இந்தியாவில் பல வருடம் வழக்கு நடந்தது. காமர்ஸ் படிக்கிறவர்கள் ரசிக்க வேண்டிய வழக்கு. சின்ன பாட்டிலில், சின்ன பாக்கெட்டில் விற்றால் அது ஹேர் ஆயில், கூடுதல் வரி கட்டு என்றது வரித்துறை. இல்லை, சமையல் எண்ணெய்தான் என்றன கம்பெனிகள். சேலம் மத்திய கலால் ஆணையர் ஒரு பக்கம், மதன் ஆக்ரோ இண்டஸ்ட்ரீஸ் இன்னொரு பக்கம். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். 2024 டிசம்பர் 18-ல்தான் மூன்று நீதிபதிகள் பெஞ்ச் முடித்து வைத்தது: லேபிளில் ஹேர் ஆயில் என்று போட்டு விற்காதவரை, சின்ன பாக்கெட்டாக இருந்தாலும் அது சமையல் எண்ணெய்தான். ஜிஎஸ்டியில் அப்போது சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், ஹேர் ஆயிலுக்கு 18 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், 2025 செப்டம்பர் 22 முதல் ஹேர் ஆயிலையும் 5 சதவீதத்துக்கே இறக்கிவிட்டார்கள். இத்தனை வருடச் சண்டை ஒன்பதே மாதத்தில் அர்த்தமில்லாமல் போயிற்று. தடவினாலும் தாளித்தாலும் இப்போது ஒரே வரி.

அடுத்து கழுவுவது. கடலில் குளித்தவர் சாதாரண சோப்பை எடுத்துக் கடல் தண்ணீரிலேயே தேய்த்தால் நுரை வராது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுவென்று ஒரு வெள்ளைப் படிவமாகிவிடும். (தாம்பரம் சுற்றுவட்டார போர் தண்ணீரில் குளிக்கும் எல்லோருக்கும் இந்தப் படிவம் பழக்கம்தான், கடலுக்கே போக வேண்டியதில்லை.) கப்பல்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு மட்டும் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். அதற்குப் பெயரே மரைன் சோப்பு. மறுபடியும் அதே தென்னை மரம்! நம்மூரில் இந்தப் பிரச்சினையே எழவில்லை, ஏனென்றால் இங்கே தலைக்கு சோப்பு போடும் வழக்கம் கிடையாது. சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை ஆகியவற்றில் நுரைப்பது சபோனின். அது கடினத் தண்ணீரில் சோப்பு மாதிரி திரிவதில்லை. மேல்நாட்டில் இதற்கு ஈடாக, கடினத் தண்ணீரிலும் படிவம் விடாமல் நுரைக்கும் செயற்கை ஷாம்பூ கடைக்கு வந்தது 1934-ல், ப்ராக்டர் அண்ட் கேம்பிளின் ட்ரீன்.

ஷாம்பூ என்ற வார்த்தையே நம் பக்கத்திலிருந்து போனதுதான். இந்தியில் அமுக்குவதற்கு 'சாம்ப்னா'. பாட்னாவில் 1759-ல் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்து, அயர்லாந்து போய்க் குடும்பம் அமைத்து, லண்டனில் 1810-ல் இந்தியச் சாப்பாட்டுக் கடை போட்டு, நஷ்டப்பட்டு, கடைசியில் பிரைட்டன் கடற்கரைக்குக் குடிபோனவர் ஷேக் தீன் முகமது. அப்போது கடல் குளியல் உடம்புக்கு நல்லது என்று இங்கிலாந்துப் பணக்காரர்கள் பிரைட்டனில் குவிந்துகொண்டிருந்தார்கள். அங்கே அவர் மூலிகை நீராவிக் குளியலும் எண்ணெய் மசாஜும் ஆரம்பித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ஷாம்பூயிங். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்று இரண்டு ராஜாக்களுக்கு ஷாம்பூ நிபுணராக இருந்தார். உடம்பு பிடித்துவிடுவதைக் குறித்த வார்த்தை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலை அலசுவதாக மாறி, பாட்டிலுக்குள் புகுந்து, மறுபடி கப்பலேறி நம்மிடமே வந்தது. வந்ததும் விலை கட்டுப்படியாகவில்லை. அதைச் சின்ன சாஷேவாக்கி எல்லா வீட்டுக்கும் கொண்டுபோன முன்னோடி கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 'சிக்' ஷாம்பூவை ஆரம்பித்தார், பின்னாளில் கெவின்கேர். கடலோரப் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்குவது அந்தக் கடலூர் யோசனைதான். அலையில் மிதக்கிற காலி சாஷேவும் அதே யோசனையின் மறுபக்கம்.

இதுவரை கடல். நீச்சல் குளம் வேறு கதை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொதுக் குளங்களில் கிருமி பெரிய தலைவலி. 1910 வாக்கில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகக் குளத்தில் பிளீச்சிங் பவுடர் கலந்து பார்த்தார்கள், கிருமி அடங்கியது. உலகம் முழுக்கக் குளங்கள் குளோரினுக்கு மாறின. உயிர் காக்கிற விஷயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் துணியை வெளுக்கிற அதே பொருள்தான் தலையிலும் படுகிறது. 2000-ல் ஜப்பானிய உயர்மட்ட நீச்சல் வீரர்களை ஆராய்ந்த ஒரு ஆய்வு, அவர்களில் பலருக்குக் கறுப்பு முடி நிறம் வெளுத்திருப்பதைக் கண்டது. தண்ணீர் உரசி உரசிச் செதில்கள் போய்விட, குளோரின் உள்ளே நுழைந்து மெலனினை ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது. வெள்ளைக்காரர்களின் பொன்னிற முடி குளத்தில் பச்சையாக மாறுவது இன்னொரு பிரச்சினை. அதற்கும் குளோரினைத்தான் ரொம்ப நாள் திட்டினார்கள். உண்மையான குற்றவாளி செம்பு. பாசி கொல்லப் போடும் மருந்திலிருந்தும் குழாயிலிருந்தும் வருவது. நம் தலையிலும் அது படியும், கறுப்பில் பச்சை தெரியாது, அவ்வளவுதான்.

எண்ணெய் தடவிக்கொண்டு குளத்தில் இறங்கலாமே என்றால், பொதுக் குளங்களின் விதிப்பலகையில் வழக்கமாக இருக்கும் வரி அதுதான்: எண்ணெயோடு இறங்காதே. தண்ணீர் கலங்கும், ஃபில்டர் அடைக்கும், எண்ணெயோடு வினைபுரிந்து குளோரின் வீணாகும். நியாயமான விதிதான். ஆனால் பாட்டியின் ஒரே ஆயுதம் பறிபோனது. அதற்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டது தொப்பி.

தொப்பிக்கும் வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் எண்ணெயில் ஊறவைத்த பட்டுத்துணியில் செய்த தொப்பி போட்டுக் கடலில் இறங்கினார்கள். பிறகு ரப்பர் பூசிய துணி, 1920-களில் இழுத்து மாட்டும் லேடெக்ஸ். அதே காலத்தில்தான் மேல்நாட்டுப் பெண்கள் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். தொப்பியின் அளவு அந்தக் குட்டை முடிக்கு ஏற்றபடி அமைந்துவிட்டது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1926 ஆகஸ்ட் 6-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண் கெர்ட்ரூட் எடர்லே குட்டை முடிக்காரர், தலையில் தொப்பி, உடம்பெல்லாம் கொழுப்புக் களிம்பு. அதுவரை ஆண்கள் வைத்திருந்த சாதனையைவிட சுமார் இரண்டு மணி நேரம் குறைவாக முடித்தார். அதற்கும் முன்னால் 1875-ல் முதன்முதலாகக் கடந்த மேத்யூ வெப் பூசிக்கொண்டது கடல்பன்றி எண்ணெய். ஆக, கடலுக்கு முன் எண்ணெய் என்பது உலகப் பொதுவழக்கம், எண்ணெயின் வகை மட்டும்தான் ஊருக்கு ஊர் வேறு. நம் ஆட்களில் 1959-ல் ஆரத்தி சாஹா அதே கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் ஆனார். 2004-ல் புலா சௌத்ரி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை நீந்தினார்.

ரப்பர் தொப்பி போனபின் சிலிகான் வந்தது. முடியைப் பிடித்து இழுக்காது, நிறைய நாள் உழைக்கும். ஆனால் தலைக்கு ஒட்டினாற்போல இருக்கும் அந்த வடிவம் மாறவில்லை. இடுப்பு வரை பின்னல் வைத்திருக்கிற ஒரு பெண்ணின் கொண்டையை அதற்குள் அடக்குவது, கேஸ் சிலிண்டருக்குத் தலையணை உறை மாட்டுகிற வேலை. வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக நீச்சல் வளாகம் கட்டினார்கள். தாம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு சர்வதேச அளவிலான குளம் என்றால் அதுதான் கிட்டத்தில். அந்த மாதிரி ஒரு குளத்துக்குப் போக ஆசைப்படும் பெண் முதலில் சமாளிக்க வேண்டியது தண்ணீரை இல்லை, வீட்டில் கேட்கும் "முடி என்னாகிறது?" என்ற கேள்வியை. முடியை வெட்டு, இல்லை நீச்சலை விடு. பெரும்பாலும் வெட்டுப்படுவது நீச்சல்.

இதே பிரச்சினை ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்கு இன்னும் கடுமை. அடர்ந்த சுருள்முடி, சடைப்பின்னல்கள். அவர்களுக்காக லண்டனில் இரண்டு நண்பர்கள் 2017-ல் சோல் கேப் என்ற பெரிய தொப்பியைச் செய்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்பு, 2021-ல், அதைப் போட்டிகளில் பயன்படுத்த அனுமதி கேட்டபோது உலக நீச்சல் சம்மேளனமான ஃபினா மறுத்தது. தலையின் இயல்பான வடிவத்தோடு ஒத்துப்போகவில்லையாம். யாருடைய தலை இயல்பானது என்று கேள்வி கிளம்பியது. பிரிட்டனுக்காக ஒலிம்பிக்கில் நீந்திய முதல் கறுப்பினப் பெண்ணான ஆலிஸ் டியரிங் அந்தத் தொப்பியின் தூதர். உலகம் முழுக்கக் கண்டனம் வந்தது. 2022 செப்டம்பரில் ஃபினா இறங்கிவந்து அனுமதித்தது. பெரிய தொப்பி தண்ணீரில் இழுவையைத்தான் கூட்டும், வேகத்தைக் கூட்டாது. யாருக்கும் அநியாய லாபம் தராத ஒரு பொருளை ஏன் தடுத்தார்கள் என்பதற்கு இதுவரை உருப்படியான பதில் இல்லை.

முடிக்காக நீச்சல் கற்றுக்கொள்ளாமல் விடுவது சின்ன விஷயம் போலத் தெரியலாம். 2004 டிசம்பர் 26 வரை அப்படித் தெரிந்தது.

சுனாமிக்கு மூன்று மாதம் கழித்து ஆக்ஸ்ஃபாம் அமைப்பு ஒரு அறிக்கை வெளியிட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. கடலூர் மாவட்டத்தில் பெண்கள் 391, ஆண்கள் 146. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பாச்சாங்குப்பத்தில் இறந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். காரணங்கள் பல. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆண்களில் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். ஆழத்தில் சுனாமி படகுக்கு அடியில் ஒரு சின்ன ஏற்றமாகக் கடந்து போய்விடும், கரைக்கு வந்துதான் எழும்பும். பெண்களோ மீன் வாங்கக் கரையிலும், பிள்ளைகளோடு வீட்டிலும் இருந்தார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடவில்லை. மரம் ஏறவும் நீந்தவும் தெரிந்தவர்கள் ஆண்கள். இவற்றோடு, தப்பியவர்கள் சொன்னவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை இரண்டு: காலைச் சுற்றிக்கொண்ட சேலை, கருவேல முள்ளிலும் இடிபாடுகளிலும் சிக்கிக்கொண்ட நீளமான கூந்தல்.

கோவளத்திலும் அன்றைக்கு அலை ஏறியது. கடலை நம்பியே வாழ்கிற ஊர்களில், கடலுக்குப் பத்தடி தள்ளிப் பிறந்து வளர்ந்த பெண்களுக்கு நீந்தத் தெரியாது என்பது வெளியாட்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. உள்ளூரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. பிடிப்பது ஆண், விற்பது பெண் என்பது சோழமண்டலக் கரையின் பழைய வேலைப்பிரிவினை. பெண் தண்ணீரில் இறங்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

விதிவிலக்கு தெற்கே இருக்கிறது. ராமநாதபுரம் கடலோரத்தில், பாம்பன், மண்டபம் சுற்றுப்பட்டில், பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். சேலைக்கு மேல் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச்சுற்று. ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் கிடையாது, மூச்சை அடக்கி முங்குவதுதான். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்தி 2015-ல் சர்வதேச அளவிலான சீகாலஜி பரிசு பெற்றார். எடுக்கிற பாசி ஆலைகளுக்குப் போகிறது. கடற்பாசியிலிருந்து வரும் பொருட்கள் பற்பசை, க்ரீம் வரை எங்கெல்லாமோ சேர்கின்றன. கொரியாவின் ஜெஜு தீவிலும் ஜப்பானிலும் இதே மாதிரி முங்கும் பெண்கள் உண்டு, ஹேன்யோ, ஆமா என்று பெயர். ஆமா பெண்கள் முடியை மூடித் தலையில் கட்டும் வெள்ளைத் துணியில், கடலில் ஆபத்து வராமலிருக்க நட்சத்திரமும் கட்டம்போட்ட குறியும் தைத்துக்கொள்வார்கள். ஹேன்யோக்களை 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், மியூசியம் கட்டினார்கள். நம் பாசிப் பெண்களோ தேசியப் பூங்கா எல்லைக்குள் வந்ததாக வனத்துறையிடம் அபராதம் கட்டிய கதைகள்தான் அதிகம்.

கோவளத்துக்கே திரும்பலாம். மூர்த்தி மேகவன் என்ற மீனவர், தொழிலதிபர் அருண் வாசுவின் உதவியோடு, 2012-ல் இங்கே சர்ஃபிங் பள்ளி ஆரம்பித்தார். 2013-ல் நடந்த சர்ஃப் திருவிழாவுக்கு கிரிக்கெட் வீரர் ஜாண்டி ரோட்ஸ் வந்தார். அலையைப் பார்த்து பயப்படுகிறவர்களே நிறைந்த சென்னையிலிருந்து, அலையில் விழுந்து எழுந்து பழக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், பெண்களும்தான். ஆகவே பழைய கேள்வி புதுசாகக் கிளம்புகிறது: முடியை என்ன செய்வது?

பதில் இத்தனை வருடத்தில் பெரிதாக மாறவில்லை, ஏன் என்பதுதான் இப்போது தெரிகிறது. இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் தலையை நனைக்க வேண்டும். ஏற்கெனவே வயிறு நிறையத் தண்ணீர் குடித்த முடி உப்புத் தண்ணீரையோ குளோரினையோ அதிகம் குடிக்காது. கடல் என்றால் நுனி வரை கொஞ்சம் தேங்காய் எண்ணெய், முடிந்தால் முந்தின ராத்திரியே. இறுக்கிப் பின்னல், விரித்துப் போட்ட முடிதான் சிக்குவதும் உடைவதும். குளம் என்றால் எண்ணெய் கூடாது, தொப்பி. தொப்பி தண்ணீரை முழுக்கத் தடுக்காது, உரசலையும் வெயிலையும் நன்றாகவே தடுக்கும். நீச்சல்காரர்களுக்கென்று விற்கும் சில ஷாம்பூக்களில் சோடியம் தயோசல்பேட் இருக்கும். பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் ஹைப்போவேதான் அது, குளோரினை முறித்துவிடும். வெளியே வந்ததும், உப்பு காய்வதற்குள், நல்ல தண்ணீரில் அலசல். ஈரத்தோடு சீப்பைப் போட்டு இழுக்கக் கூடாது.

இதில் விலை அதிகமானது கடைசிப் பொருள்தான், நல்ல தண்ணீர். 2019 கோடையில் சென்னையில் குடத்தோடு ராத்திரி முழுக்க வரிசையில் நின்றவர்களிடம் "கடலில் குளித்தால் இரண்டு தடவை தலை அலசு" என்று சொல்லியிருக்க முடியாது. கோவளத்துக்குத் தெற்கே, அதே கடற்கரைச் சாலையில், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. 2013-ல் தினம் 10 கோடி லிட்டர் என்று ஆரம்பித்து, 2024 பிப்ரவரியில் இன்னொரு 15 கோடி லிட்டர் ஆலையும் சேர்ந்தது. தென்சென்னைப் பகுதிகளுக்கு அந்தத் தண்ணீர் குழாயில் வருகிறது. கோவளம் கடற்கரை 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்றபோது, உடை மாற்றும் அறைகளோடு ஷவர்களும் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே வரிசை நீளமாக இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் ரோட்டில் கிளம்பிவிடுகிறார்கள்.